சிறுத்தை தாக்கினால் இழப்பீடு: பஞ்சநாமாவில் கையெழுத்திடும் முன்

மும்பையில் முலுண்டு, பாண்டுப், ஆரே என சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிக் குடியிருக்கும் நம் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு சிறியது. சிறுத்தை தாக்கி ஒருவர் இறந்தால் மகாராஷ்டிர அரசு குடும்பத்துக்கு 25 லட்சம் ரூபாயும், நிரந்தர ஊனத்துக்கு 7.5 லட்சமும், பலத்த காயத்துக்கு 5 லட்சமும் வழங்குகிறது. இறப்புத் தொகையில் 10 லட்சம்தான் உடனே கைக்கு வரும். மீதி வங்கி வைப்பில் போடப்படும் என்பதால், அதை நம்பிக் கடன்காரர்களிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வனத்துறையின் 1926 எண்ணுக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். அதன்பின் சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படும் சம்பவ இட அறிக்கையான பஞ்சநாமாவில்தான் பல இழப்பீட்டு மனுக்கள் செத்துப்போகின்றன. வனவிலங்குச் சட்டத்தை மீறிய நிலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு கிடையாது. அனுமதியின்றிப் பூங்காவுக்குள் நுழைவதும் மீறலே. நான் உடன் அலைந்த ஒரு பெண், இரவில் பொதுக் கழிப்பறைக்குப் போகும் வழியில் தாக்கப்பட்டார். மராட்டியில் எழுதியதை யாரும் படித்துக் காட்டாமலே அவரிடம் கைநாட்டு வாங்கினார்கள். இடம் 'வனப்பகுதி' என்று இருந்தது. பூங்கா மதிலுக்கு வெளியே, குடியிருப்புப் பக்கம் கிடந்த அவருடைய ஒற்றைச் செருப்பை ஒரு பையன் போனில் படமெடுத்திருக்காவிட்டால், அந்த ஒரு சொல்லை மாற்றியிருக்கவே முடியாது. எனவே மராட்டி படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, இடமும் நேரமும் சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள்.

காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே தரும் சிகிச்சைச் சீட்டான கேஸ் பேப்பரில் வெறும் 'விலங்குக் கடி' என்று எழுதியிருந்தால் அது தெருநாயாகிவிடும்; தெருநாய்க்கு வனத்துறை பொறுப்பேற்காது. 'சிறுத்தை' என்றே எழுதச் சொல்லுங்கள். இறப்பு என்றால், எவ்வளவு வேதனையாக இருந்தாலும், பிரேதப் பரிசோதனை இல்லாமல் உடலை எடுத்துச் செல்லாதீர்கள்.

நமக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு. ஆதாரில் இனிஷியல், ரேஷன் கார்டில் அப்பா பெயர், வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயர் என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க ஒவ்வொரு மேசைக்கும் அலைய வேண்டியிருக்கும். குடும்பப் பெயர் இல்லாத மனிதர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது அந்தப் படிவத்தை அச்சடித்தவர்களுக்குத் தோன்றவில்லை போலும். பெயர் வேறுபாட்டுக்கான உறுதிமொழிப் பத்திரத்தை முதல் நாளே இணைத்துவிடுங்கள். ஆதார் முகவரி திருநெல்வேலியில் இருக்கிறதென்று திருப்பி அனுப்பினால், தாக்குதல் நடந்த ஊர் மும்பை என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும், மனு வந்து சேர்ந்ததற்கான பதிவான 'ஆவக்' எண்ணும் வாங்காமல் அந்த மேசையை விட்டு எழாதீர்கள்.