எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை

1950களின் இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டின் மரபு சொன்னது சரிதான் என்று நிரூபிக்கக் கிளம்பினார். வெளியே காட்ட முடியாத கோபம் தன் பக்கமே திரும்பிவிடுவதுதான் மனச்சோர்வு என்பது அந்த மரபின் கருத்து. அப்படியானால் மனச்சோர்வில் இருப்பவர்களின் கனவுகளில் கோபமும் பகையும் நிறைந்திருக்க வேண்டும் அல்லவா? கனவுகளைச் சேகரித்துப் பார்த்தார். பகை அப்படியொன்றும் மிகுந்திருக்கவில்லை. தோற்றுப்போவது, எதையோ தொலைப்பது, ஒதுக்கப்படுவது ஆகியவைதான் திரும்பத் திரும்ப வந்தன. விழித்திருக்கும்போது தங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ, அதுவே கனவிலும் வந்திருந்தது.

அவரிடம் வந்தவர்கள் வாயால் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மனத்துக்குள் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். 'இவருக்கு என் பேச்சு சலிப்பூட்டுகிறது', 'நான் சொல்வது முட்டாள்தனமாகத் தெரிகிறது' என்பது போன்ற சின்னச் சின்ன வாக்கியங்கள். யாரும் கூப்பிடாமல் வரும், கண நேரத்தில் மறையும், ஆனால் மனநிலையை மாற்றிவிட்டுப் போகும். இவற்றுக்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி, இங்கிருந்துதான் வளர்ந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளரும் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்திருந்தார்.

அடிப்படை எளிமையானது. நடந்த நிகழ்ச்சி நேராக உணர்ச்சியாக மாறுவதில்லை. அதற்கு நாம் கொடுக்கும் பொருள் நடுவில் நிற்கிறது. அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை. 'வேலையாக இருப்பார்' என்று நினைப்பவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். 'என்னைத் தவிர்க்கிறார்' என்று நினைப்பவருக்கு வயிறு கலங்குகிறது, அவரும் பேசாமல் ஒதுங்குகிறார், உறவில் நிஜமாகவே விரிசல் விழுகிறது. எண்ணம், உணர்ச்சி, உடல், நடத்தை நான்கும் ஒன்றையொன்று தள்ளிவிடும் சுழல் இது. எந்த இடத்தில் கை வைத்தாலும் மற்றவை அசையும்.

எண்ணங்களில் வழக்கமாக நேரும் பிழைகளுக்கும் பெயர்கள் உண்டு: எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று பார்ப்பது, அடுத்தவர் மனத்தைப் படித்துவிட்டதாக நினைப்பது, நடக்கக்கூடியவற்றில் மோசமானதையே நடக்கப்போவதாக எடுத்துக்கொள்வது. இணையத்தில் சிபிடி என்ற பெயரில் சுற்றுவது பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான். எனக்கு அதில் கொஞ்சம் சலிப்பு உண்டு. பிழையின் பெயர் தெரிந்துவிட்டதால் மட்டும் எண்ணம் விலகிப் போய்விடாது.

இன்னொரு தவறான பிம்பம், இது 'நல்லதையே நினை' என்று சொல்லும் சிகிச்சை என்பது. சிகிச்சையாளர் அப்படி எதுவும் சொல்வதில்லை. எண்ணத்தை ஒரு கணிப்பாக எடுத்துக்கொண்டு, அது பலிக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். முதலில் காகிதத்தில்: என்ன நடந்தது, என்ன தோன்றியது, அதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள், அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன, வேறு எப்படி இதைப் பார்க்கலாம், இப்போது நம்பிக்கை எத்தனை சதவீதம்? 90 என்பது 60க்கு இறங்கினாலே போதும். எண்ணம் உண்மையாகவே இருந்துவிட்டால்? வேலை நிஜமாகவே போய்விட்டது என்றால் அதோடு வாதாடுவதில் பயனில்லை. பிரச்சினையை எப்படிச் சமாளிப்பது என்ற பக்கம் பேச்சு திரும்பும்.

ஆனால் காகிதத்தில் செய்வதைவிட உடலால் செய்து பார்ப்பதுதான் வலுவானது என்பது என் எண்ணம். பேனிக் அட்டாக் எனப்படும் திடீர்ப் பீதியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகத் தெரியும்.

ஏதோ காரணத்தால் இதயம் சற்று வேகமாக அடிக்கிறது. 'மாரடைப்பு' என்று தோன்றுகிறது. அந்தப் பயம் அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்க, இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. மூச்சு அளவுக்கு மீறி வாங்குகிறது; அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றுகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. 'பார், நினைத்தது சரிதான்!' உடல் உணர்வுகளைப் பேராபத்து என்று தவறாகப் படிப்பதே இந்தச் சுழலின் அச்சாணி என்று பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் விளக்கினார்.

சரி, இத்தனை முறை வந்தும் மாரடைப்பு நிகழவில்லையே, பயம் ஏன் தானாகக் குறையவில்லை? அந்த நேரத்தில் அவர் சும்மா இருப்பதில்லை. உட்கார்ந்துகொள்கிறார், சுவரைப் பிடித்துக்கொள்கிறார், யாருக்காவது போன் செய்கிறார். பீதி சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தானே இறங்கும் இயல்புடையது. ஆனால் பெருமை, சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்பதுபோல, உட்கார்ந்ததற்குப் போய்ச் சேர்கிறது. 'நல்லவேளை உட்கார்ந்தேன், இல்லாவிட்டால் போயிருப்பேன்.' இத்தகைய தற்காப்புச் செயல்கள் உடனடியாக நிம்மதி தருகின்றன. கூடவே, கணிப்பு பொய்யாகும் வாய்ப்பையும் பறித்துவிடுகின்றன. பயந்த இடத்துக்கே போகாமல் தவிர்ப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அதனால் சிகிச்சையறையில் சோதனை நடக்கிறது. இதயக் கோளாறு எதுவுமில்லை என்று மருத்துவர் பார்த்து உறுதி செய்த பிறகு, வேண்டுமென்றே வேகமாக மூச்சு வாங்கச் சொல்வார்கள், படியேறி ஓடச் சொல்வார்கள், நாற்காலியில் சுற்றவிடுவார்கள். அதற்கு முன் கணிப்பை எழுதிவைக்க வேண்டும்: 'மயங்கி விழுவேன், 90 சதவீதம்.' சுவரைப் பிடிக்கக் கூடாது. தலை சுற்றும், இதயம் படபடக்கும், அவ்வளவுதான். பொதுவாக மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பீதியிலோ அது ஏறுகிறது. (ரத்தத்தையோ ஊசியையோ கண்டு பயப்படுபவர்கள் இதற்கு விதிவிலக்கு. அவர்களுக்கு அழுத்தம் நிஜமாகவே இறங்கும் என்பதால், கை கால் தசைகளை இறுக்கி அதை ஏற்றிக்கொள்ளும் பயிற்சி தரப்படுகிறது.)

திரும்பத் திரும்பக் கை கழுவும் நோயிலும் இதே தர்க்கம்தான். அழுக்கென்று தோன்றுவதைத் தொட வேண்டும், பிறகு கழுவாமல் இருக்க வேண்டும். 1966-ல் விக்டர் மேயர் இந்த முறையைப் பதிவு செய்தபோது, அதுவரை குணப்படுத்தவே முடியாதென்று கருதப்பட்ட சிலர் தேறினார்கள்.

மனச்சோர்வில் தவிர்ப்பு வேறு உருவத்தில் வருகிறது. 'மனசு சரியானதும் செய்யலாம்' என்று ஒவ்வொன்றாகக் கைவிட, மகிழ்ச்சி தரும் எதுவும் மிச்சமிருப்பதில்லை. மனம் இன்னும் இறங்குகிறது. இங்கே வரிசையைத் திருப்பிப்போடுகிறார்கள்: முதலில் செயல், மனநிலை பின்னால் வரட்டும். குளிப்பது, பத்து நிமிடம் நடப்பது என்று சிறியதாகத் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த இன்பத்துக்கும் சாதித்த உணர்வுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். 1996-ல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் சிபிடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். எண்ணங்களைத் தொடாமல் செயல்களை மட்டும் கூட்டிய சிகிச்சை, முழுச் சிகிச்சைக்கு ஏறக்குறைய ஈடான பலனைத் தந்தது. பெக்கின் ஆதரவாளர்களுக்கு அது இனிப்பான செய்தியாக இருந்திருக்காது.

தூக்கமின்மைக்கான சிபிடி இன்னும் விசித்திரம். தூக்கம் வராதவரைப் படுக்கையில் குறைவான நேரமே இருக்கச் சொல்கிறார்கள். எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரமே தூங்குபவருக்கு ஏறக்குறைய அந்த ஐந்தரை மணி நேரம்தான் அனுமதி. அந்த நேரம் முழுக்க விழிப்பில்லாமல் தூங்கத் தொடங்கிய பின், படுக்கை நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். முதல் சில நாட்கள் பகலில் கண் சொக்கும். ஆனாலும் நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு முதலில் தர வேண்டியது இந்தச் சிகிச்சையே என்று 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்களின் அமைப்பு பரிந்துரைத்தது.

சிபிடி எல்லோருக்கும் பலன் தருவதில்லை. வீட்டுப்பாடம் உண்டு, அதைச் செய்யாமல் வாரம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனால் பெரிதாக எதுவும் மாறாது. கடுமையான மனச்சோர்வில் மருந்தும் சேர்ந்தே தேவைப்படலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் சுயபயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

குணமான பயம் திரும்பி வருவதும் உண்டு. பழைய பயத்தை மூளை அழித்துவிடுவதில்லை. 'இது ஆபத்தில்லை' என்ற புதிய பாடத்தை அதன் பக்கத்தில் சேர்த்துக்கொள்கிறது, இரண்டும் போட்டி போடுகின்றன. மணியோசை கேட்டால் உணவு வரும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் பழக்கிய நாய்களிலேயே இது தெரிந்தது: உணவு தராமல் மணியை மட்டும் ஒலித்து, உமிழ்நீர் சுரப்பது நின்றுபோன நாய்க்கு, சிறிது இடைவெளிக்குப் பின் அது மறுபடி சுரந்தது. புதிய பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. ஆகவே லிஃப்டுக்குப் பயப்படுபவரை ஒரே லிஃப்டில் பத்து முறை ஏற்றி அனுப்பிவிடுவதில்லை. வேறு வேறு கட்டடங்கள், வேறு வேறு நேரங்கள், கூட்டத்தோடு ஒருமுறை, தனியாக ஒருமுறை. அப்புறம், சிகிச்சையாளர் கூட வராமலும்.