பிரஷின் விலையும் நாரின் நுனியும்

5 வெள்ளி பிரஷைவிட 200 வெள்ளி மின்சார பிரஷ் பல்லை நன்றாகத் துலக்குமா என்று சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் நன்றாகவே துலக்கும். ஆனால் அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் காரணங்கள் பலவற்றால் அல்ல.

பல்லில் நாம் எடுக்க வேண்டியது பாக்டீரியாக்கள் கட்டிய படலம். தே தாரேக்கில் இருக்கும் சீனியை எடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா குளூக்கான் என்ற பசையைச் செய்துகொள்கிறது. வாய் கொப்பளித்தால் அது போகாது. உரசித்தான் பெயர்க்க வேண்டும்.

உரசுவது நைலான் நாரின் நுனி. சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமன்தான். இதமாக வைத்தால் நுனி பல்லைத் தொட்டுச் சுரண்டும். அழுத்தினாலோ நார் வளைந்து படுத்துக்கொள்ளும்; நுனி விலகிவிட, நாரின் முதுகு படலத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். பலம் ஓர் அளவைத் தாண்டினால் துலக்கல் குறைவது இதனால்தான். பால்மரம் சீவுகிறவர்களுக்கு இது புரியும்: கத்தி ஆழ இறங்கினால் மரம்தான் காயப்படும். இங்கே காயப்படுவது ஈறு. அது இறங்கி வேர் வெளியே தெரியும். பிரஷைப் பேனா பிடிப்பதுபோல் விரல் நுனியால் பிடித்தால் பலம் தானாகக் குறையும். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து வைத்து, இரண்டு மூன்று பற்களுக்குப் பத்துத் தடவை சின்னதாக அசைத்து, அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். வாங்கிய ஒரு மாதத்திலேயே நார்கள் விரிந்துவிட்டால் நீங்கள் அழுத்துகிறீர்கள்.

அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும் வசதிக்குப் பணம் கொடுக்கலாம். 2 நிமிடக் கடிகாரத்துக்கும் கொடுக்கலாம், ஏனென்றால் பலர் அதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். கறுப்புக் கரி நாருக்கு வேண்டாம். நிறம் நுனியை மாற்றாது. புளூடூத் பல்லைத் தொடுவதே இல்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2014இல் 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மூன்று மாதங்களுக்கு மேல் மின்சார பிரஷ் பயன்படுத்தியவர்களிடம், சாதாரண பிரஷ்காரர்களைவிடப் படலம் 21 விழுக்காடும் ஈறு அழற்சி 11 விழுக்காடும் குறைவு. சொத்தை குறைகிறதா என்பதற்கு அதில் விடை இல்லை. அதற்குப் பல ஆண்டு ஆய்வு வேண்டும். பிரஷ் விற்பவர்கள் அதற்குப் பணம் போடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, பொதுப்பணம்தான் போட வேண்டும் என்பது என் கருத்து. மின்சார பிரஷ் வாங்கியவர்கள் அதையும் கையால் முன்னும் பின்னும் தேய்க்கிறார்கள். தேய்க்காதீர்கள். ஒவ்வொரு பல்லிலும் இரண்டு மூன்று விநாடி வைத்திருந்தால் அதுவே வேலை செய்யும்.

எந்த விலை பிரஷும் பல்லிடுக்குக்குள் போகாது. அதற்குப் புட்டி கழுவும் பிரஷின் குட்டிபோல் ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும். நாளுக்கு ஒருமுறை போதும். முதல் சில நாள் ரத்தம் கசிவது வீங்கிய ஈற்றிலிருந்து, அதனால் நிறுத்த வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் கசிந்தால் பல் கிளினிக்குக்குப் போங்கள். நடுக்கம்பி பல்லில் உரசினால் அளவு பெரிது, அடுத்த சிறியதை எடுங்கள்.