எண்டோமென்ட்: சாவா மூவாக் கொடை

எண்டோமென்ட் என்றதும் நம்மில் பலருக்கு எல்.ஐ.சி. முகவர்தான் நினைவுக்கு வருவார். இருபது ஆண்டு கட்டினால் முதிர்வுத் தொகை கைக்கு வரும் பாலிசி அது. பல்கலைக்கழகங்கள் பேசும் எண்டோமென்ட் இதற்கு நேர்மாறு. அங்கே முதல் யார் கைக்கும் வரக்கூடாது என்பதுதான் நிபந்தனையே. கொடுத்த தொகை முதலீட்டில் கிடக்கும். ஆண்டுதோறும் அதன் மதிப்பில் பெரும்பாலும் 4 முதல் 5 விழுக்காடு மட்டும் செலவுக்கு வரும். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு, அதாவது அங்கே ஒரு தமிழ்ப் பேராசிரியர் பதவிக்கு, 60 லட்சம் டாலர் திரட்டினார்களே, அது இந்த வகை. "ஒரு பேராசிரியருக்கா இவ்வளவு?" என்று கேட்டால் கணக்கு தப்பு. 4.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்குக் கிடைப்பது 2.7 லட்சம் டாலர்தான்.

சொல்லின் வேர் கல்யாண வீட்டில் இருக்கிறது. இலத்தீனில் 'டோஸ்' என்றால் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் சீதனம். அதிலிருந்து வந்த வினைச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'எண்டோ' ஆயிற்று. 'டௌரி' இதன் உடன்பிறப்பு. ரோமானியச் சட்டத்தில் சீதனத்தின் பலனைக் கணவன் அனுபவிக்கலாம். மணமுறிவு ஏற்பட்டால் பெரும்பாலும் முதலைத் திருப்பித் தர வேண்டும். பலன் உனக்கு, முதல் உன்னுடையதல்ல என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. இன்னும் கீழே தோண்டினால் 'கொடு' என்னும் இந்தோ-ஐரோப்பிய வேர் வரும். நாம் புழங்கும் 'தானம்' என்ற வடசொல்லும் அதே வேரில் முளைத்ததுதான்.

வானத்தை ஆராய்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் தேவைப்பட்டது. தாமஸ் பிளூம் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1704இல் இறந்தபோது, கேம்பிரிட்ஜில் வானியல் பேராசிரியர் ஒருவரை அமர்த்த உயிலில் பணம் விட்டுப் போனார். பொறுப்பாளர்கள் அதைக் கொண்டு பால்ஷம் என்ற ஊரில் நிலம் வாங்கினார்கள். குத்தகைப் பணம் பேராசிரியருக்கு. 1913இல் அந்த 'பிளூமியன்' இருக்கையில் அமர்ந்தவர் ஆர்தர் எடிங்டன். 1919இல் பிரின்சிப்பி தீவுக்குப் போய், முழுச் சூரிய கிரகணத்தின்போது விண்மீன் ஒளி வளைவதைப் படம்பிடித்து ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதித்தவர். (சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் போன வானியற்பியலாளர் சந்திரசேகரின் முடிவை, அது சரியாக இருந்தும், 1935இல் லண்டனில் சபை நடுவே மறுத்துப் பேசியவரும் இவரேதான். இருக்கை நிலையானது என்பதால் அமர்ந்தவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது.)

எண்டோமென்டுக்கு எதிர்முனையில் நிற்பது கிரான்ட். காலம் குறித்து, கணக்குக் கேட்டுத் தரும் பணம். தமிழில் இதற்கு 'மானியம்' என்றும் 'நல்கை' என்றும் சொல் இருக்கிறது. கிரான்டை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் காலநிலை அறிவியலில் சாட்சி உண்டு. ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் சார்ல்ஸ் கீலிங் 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றின் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 313 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 1964இல் நிதி வெட்டப்பட்டதால் சில மாத அளவீடு இல்லை. வரைபடத்தில் அந்த இடைவெளியை இன்றும் பார்க்கலாம். பிறகு எவ்வளவு பணம் வந்தாலும் 1964இன் காற்றை இனி யார் போய் அளப்பது? அளவீட்டைத் தொடர்ந்த மகன் ரால்ஃப் கீலிங்கும் 2013இல் பொதுமக்களிடம் நன்கொடை கேட்க வேண்டியதாயிற்று.

தமிழில் எண்டோமென்டை எப்படிச் சொல்வது? பல்கலைக்கழகங்களில் 'அறக்கட்டளைச் சொற்பொழிவு' என்று வழங்குகிறார்கள். பொருத்தமான சொல்தான். கோயிலில் இன்ன பூசைக்கு, இன்ன திருவிழாவுக்கு என்று குறித்து எழுதிவைத்த கொடைக்கே 'கட்டளை' என்று பெயர். கட்டளைதாரர் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஆனால் இப்போது அறக்கட்டளை என்றால் டிரஸ்ட்தான் மனதில் வருகிறது. கொடை போய் அமைப்பு ஆகிவிட்டது. 'அறநிலைய'த்தைக் கோயில் துறை எடுத்துக்கொண்டது. 'நிவந்தம்' கல்வெட்டில் மணக்கிறது, பேச்சில் ஏறாது. 'மூலநிதி' முதலை மட்டும் குறிக்கும், கொடுத்த செயலைக் குறிக்காது.

கருத்தென்னவோ நமக்குப் பழையது. சோழர் கோயில்களில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு கொடுப்பார்கள். இடையர்கள் அவற்றை வளர்த்து நாளும் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்ததற்கும் கிழடானதற்கும் குட்டிகள் ஈடாகிவிடும், எண்ணிக்கை குறையக்கூடாது. அதனால் அவற்றுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. தஞ்சைப் பெரிய கோயிலில் காசாகக் கொடுத்தால் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது 12.5 விழுக்காடு வட்டி. ஹார்வர்டு நிதி மேலாளர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

என் தேர்வு 'நிலைக்கொடை'. நிலையாய் நிற்பதும் கொடை என்பதும் இரண்டும் அதில் இருக்கின்றன. பேராசிரியர் பதவிக்கு 'நிலைக்கொடை இருக்கை' என்று நீட்டிக்கொள்ளவும் வசதி. கீலிங்குக்கு நின்றுபோனது நல்கை, பிளூம் எழுதிவைத்தது நிலைக்கொடை. பாலிசி மட்டும் எண்டோமென்டாகவே இருக்கட்டும். நிலைக்கொடை பாலிசி என்று கேட்டால் முகவர் பயந்துவிடுவார்.