சோகப் பாட்டு ஏன் இனிக்கிறது?

மனசு சரியில்லாத நாளில் துள்ளலான பாட்டு காதில் விழுந்தால் எரிச்சல்தான் வரும். அதை நிறுத்திவிட்டு, தொண்டையை அடைக்கிற மாதிரி ஒரு பாட்டைத் தேடிப்பிடித்துக் கேட்போம். ஒருமுறை கேட்டாலும் போதாது. சோகம் என்றால் விலகி ஓடுகிற நாம் பாட்டில் மட்டும் ஏன் அதைத் தேடிப்போகிறோம்?

டேவிட் ஹியூரன் என்ற இசை ஆய்வாளர் 2011-இல் ஒரு விளக்கம் சொன்னார். துக்கத்தில் உடல் புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, பாலூட்டும் தாய்மாரிடம் அதிகமாக இருக்கும் அதே ஹார்மோன். அது மனதை ஆற்றும். சோக இசை உடலை ஏமாற்றி அதைச் சுரக்க வைக்கிறது; ஆற்றுவதற்கு நிஜமான இழப்பு எதுவும் இல்லாததால் ஆறுதல் மட்டும் மிஞ்சுகிறது என்றார். அழகான கருத்துதான். ஆனால் பிற்பாடு நடந்த ரத்தப் பரிசோதனைகளில் அதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை.

சரி, கேட்பவர்களிடமே கேட்டால்? 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 772 பேரிடம் விசாரித்தார்கள். சோக இசை கேட்கும்போது அவர்களுக்கு அதிகம் வந்த உணர்வு சோகம் அல்ல. பழைய நினைவுகளின் ஏக்கம். பாட்டில் தெரிகிற சோகம் வேறு, நமக்குள் எழுவது வேறு.

மெதுவான தாளம், தாழ்ந்த குரல், அதிகம் ஏறி இறங்காத சுரங்கள். துயரத்தில் இருப்பவர் பேசுவதும் ஏறக்குறைய இப்படித்தான். அதனால்தானோ என்னவோ, வெறும் வயலின் ஒலியைக்கூட யாரோ ஒருவரின் வேதனையாகவே கேட்டுவிடுகிறோம். பிறர் துன்பத்தில் எளிதில் கரைகிறவர்களுக்குச் சோக இசை கூடுதலாகப் பிடிப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. 2017-இல் ஃபின்லாந்து ஆய்வாளர் யோனா வுவோஸ்கோஸ்கியும் துவோமாஸ் ஏரோலாவும் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். சோகம் நேரடியாக இன்பம் தருவதில்லை; அது முதலில் மனதை நெகிழ வைக்கிறது, அந்த நெகிழ்ச்சிதான் இனிக்கிறது. 'உருக்கமான பாட்டு' என்று நாம் சொல்வதும் இதைத்தானே! அந்தச் சொல்லில் சோகமே இல்லை, உருகுதல்தான் இருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள், கேட்டு முடித்த பிறகு இன்னும் சோர்ந்து போவதுண்டு. அவர்களும் அதே பாட்டைத்தான் மறுபடி போடுகிறார்கள்.