பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை: அறிவியல் படிப்பவர்களுக்கு

எம்.எஸ்சி. முடித்த கையோடு வேலைக்குப் போய்விடும் மாணவர்கள் எல்லோரும் ஆராய்ச்சியில் ஆர்வம் இல்லாதவர்கள் அல்ல. ஐந்து வருடம் சம்பளம் இல்லாமல் வீட்டை எப்படிச் சமாளிப்பது என்ற கவலைதான் பலரை நிறுத்துகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தக் கவலை இன்னும் பெரிது. அதற்காகவே மத்திய சமூகநீதி அமைச்சகம் பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஓர் ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய திட்டம் இது.

ஆண்டுக்கு 2,000 புதிய இடங்கள். இதில் அறிவியலுக்கு 500தான், மீதி 1,500 கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கு. நாடு முழுவதற்கும் 500 என்பது மிகக் குறைவு, கூட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அறிவியல் மாணவர்களை சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் (ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்கும் தகுதி பார்க்கும் தேசியத் தேர்வு) வழியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பலர் குழம்புவது இங்கேதான். நெட் தேறினாலே பணம் வராது. உதவித்தொகைக்குத் தேர்வானவர்கள் பட்டியலில் பெயர் வர வேண்டும், பிஎச்.டி.யில் முழுநேரமாகச் சேர்ந்திருக்கவும் வேண்டும். எனவே முடிவு வரும்வரை காத்திருக்காமல், எந்தத் துறையில் இடம் இருக்கிறது, எந்த நெறியாளரிடம் சேரலாம் என்று இப்போதே விசாரியுங்கள். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும் என்பது பொதுவிதி. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 50 போதும்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று ஆண்டுகள் 42,000. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. புத்தகம், ரசாயனம், பயணம் போன்றவற்றுக்கு அறிவியல் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 12,000, மூன்றாம் ஆண்டிலிருந்து 25,000. ஆனால் இரண்டு ஆண்டு முடிந்ததும் உயர்வு தானாக வந்துவிடாது. ஒரு குழு உங்கள் ஆய்வை மதிப்பிட்டு ஒப்புதல் தர வேண்டும். அதுவரை செய்த வேலையைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், அன்றைக்குக் கைகொடுக்கும்.

நீங்கள் ஆய்வில் தொடர்கிறீர்கள் என்று கல்வி நிறுவனம் உறுதிசெய்தால்தான் தொகை வரும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த வேலையை அலுவலகத்தில் யார் பார்க்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாமதமானால் அவரிடம் போய் நிற்கத் தயங்காதீர்கள். இது உங்கள் உரிமை, யாரும் இரக்கப்பட்டுத் தருவதல்ல.

பொறியியல் மாணவர்கள் முதுகலைப் படிப்புக்குப் போக வழக்கமான வழி கேட் (GATE) என்ற தேசிய நுழைவுத்தேர்வு. அதில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவினருக்கு உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. ஐ.ஐ.டி. உள்ளிட்ட மத்தியக் கல்வி நிறுவனங்களில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடங்கள் உண்டு.

பழங்குடி மாணவர்களுக்குப் பழங்குடியினர் நல அமைச்சகம் தனியாக ஆண்டுக்கு 750 ஆய்வு உதவித்தொகை தருகிறது. அப்புறம், பெண்கள் கவனிக்க: பிஎச்.டி. காலம் முழுவதிலும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். ஆய்வை முடிக்க உள்ள ஆறு ஆண்டு உச்சவரம்புக்கு மேல் கூடுதலாக இரண்டு ஆண்டு வரை கேட்கவும் விதி இடம் தருகிறது.