படையை விட்டு செக்கியூரிட்டி வேலைக்கு வருபவர்கள் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

போன மாதம் எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஒருவர் வந்தார். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில் பல வருடம் இருந்துவிட்டு விலகி, யாழ்ப்பாண நகரில் ஒரு கடை வாசலில் காவலுக்கு நிற்பவர். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை, நின்றபடியே பொலித்தீன் பையைப் பிரித்தார். மூன்று வருடச் சம்பளச் சிட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதிக்கென்று (ஈ.பி.எவ்.) 8 வீதம் வெட்டியிருக்கிறார்கள். அங்கத்தவர் இலக்கம் எழுத வேண்டிய கட்டத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. முப்பத்தாறு சிட்டையிலும் அதே கோடு. வெட்டிய காசு அவர் பெயரில் சேர்ந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை.

"கேட்டனீங்களா அண்ணை?"

"வரும் எண்டு சேர் சொன்னவர்."

2030க்குள் இராணுவத்தை ஒரு லட்சம் பேராகக் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. ஆகவே விலகி வருகிறவர்கள் இன்னும் கூடுவார்கள். அவர்கள் முன்னால் முதலில் திறக்கிற கதவு செக்கியூரிட்டி வேலைதான். சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்து பழகியவர்கள் என்பதால் கொம்பனிகளுக்கு அவர்களைப் பிடிக்கும். ஏமாறுவதும் அந்தப் பழக்கத்தால்தான்.

முதல் பொறி பயிற்சி. 'செக்கியூரிட்டி மனேஜ்மன்ட் டிப்ளோமா, முடித்ததும் மனேஜர் வேலை' என்று ஆசை காட்டுவார்கள். விலகும்போது கிடைத்த காசில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவு செய்திருப்பது வேறு, அந்தக் குறிப்பிட்ட பாடநெறி தரஅங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. சுவரில் தொங்குவது பெரும்பாலும் முதலாவது. என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் கிடைப்பது இரண்டாவது இருந்தால்தான். எனவே "பதிவு இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம், அங்கீகாரக் கடிதம் எங்கே?" என்று கேளுங்கள். டிப்ளோமா என்பது 5ஆம் மட்டத்தில்தான் தொடங்குகிறது. சில வாரங்களில் டிப்ளோமா தருகிறோம் என்பவரிடம் அதற்குமேல் கதைக்க ஒன்றுமில்லை.

படையில் வாகனம் திருத்தியவர்கள், மின்வேலை பார்த்தவர்கள், சமையலறையில் நின்றவர்கள் ஏன் வாசலில் நிற்க வேண்டும் என்பது எனக்கு விளங்குவதில்லை. தெரிந்த தொழிலைச் செய்து காட்டி, முழுப் பாடநெறியும் படிக்காமலே என்.வி.கியூ. எடுக்க ஆர்.பி.எல். (முன்கற்றலுக்கான அங்கீகாரம்) என்றொரு வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையில் கேளுங்கள். ஒருவர் தெரியாது என்றால் அடுத்த மேசையிலும் கேளுங்கள்.

சரி, செக்கியூரிட்டிதான் என்று முடிவு செய்தால், கொம்பனியின் அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் பாதுகாப்பு நிறுவனம் நடத்தப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் அனுமதி எடுக்க வேண்டும். அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வியாபாரப் பதிவுப் பத்திரத்தைக் காட்டி "இதுதான்" என்பார்கள். அது இல்லை.

அடுத்தது சம்பளம். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. இது வழமையான வேலை நேரத்துக்கு. பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் நிற்கவைத்து, எல்லாவற்றையும் சேர்த்து முப்பதாயிரத்துச் சொச்சம் தந்துவிட்டு "சட்டப்படி தருகிறோம்" என்றால் அது கணக்கு விளையாட்டு. மேலதிக நேரத்துக்குத் தனியாகக் காசு வர வேண்டும், சிட்டையில் தனி வரியாக இருக்க வேண்டும். நின்ற நேரங்களை ஒரு கொப்பியில் நீங்களே எழுதி வையுங்கள். வரவுப் புத்தகம் கொம்பனியிடம்தான் இருக்கும். பிரச்சினை வந்த அன்றைக்கு அது காணாமல் போகும்.

சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈ.ரி.எவ்.) அவர் இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும், அதை உங்களிடம் வெட்டக்கூடாது. 30,000க்கு உங்கள் பங்கு 2,400, அவருடையது 3,600, அதற்கு மேல் 900. ஓவர்டைம் இந்தக் கணக்கில் வராது, ஆனால் சாப்பாட்டுப் படி வரும். "ஆறு மாதம் பழகுநர், பிறகுதான் போடுவோம்" என்பது பொய். முதல் நாளிலிருந்தே போட வேண்டும். "உங்களுக்குத்தான் ஆமிப் பென்சன் வருதே, இது எதுக்கு?" என்பது அதைவிடப் பெரிய பொய். பென்சன் எடுப்பவருக்கும் போட்டேயாக வேண்டும். பிந்திக் கட்டினால் முதலாளிக்கு 5 முதல் 50 வீதம் வரை தண்டப்பணம். அதனால்தான் நீங்கள் முறைப்பாடு செய்வதை அவர்கள் விரும்புவதில்லை.

ஆகக் கூடுதலாக ஆட்கள் இழப்பது பணிக்கொடையை (கிராஜுவிட்டி). ஐந்து வருடம் முடிந்தால், வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் வீதம், வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும். கேட்டால் மூன்று பதில்கள் வரும். "நீங்களாகத்தானே விலகினீங்கள்." விலகினாலும் உண்டு. "இந்த இடத்தில் நாலு பேர்தானே, பதினைந்து பேர் இருந்தால்தான்." பதினைந்து என்பது முழுக் கொம்பனியின் கணக்கு, உங்கள் வாசலில் நிற்பவர்களின் கணக்கு இல்லை. "போன வருடம்தானே கொக்குவிலிலிருந்து இங்கே மாற்றினோம், சேவை அப்போதுதான் தொடங்கியது." ஒரே கொம்பனிக்குள் இடம் மாறினால் சேவை முறியாது.

கேள்வி வரும்போது கொம்பனியே மாறியிருந்தால்தான் சிக்கல். வங்கியோ கடையோ டெண்டரை வேறு கொம்பனிக்குக் கொடுத்துவிடும். ஆள் அதே ஆள், வாசலும் அதே வாசல், தொப்பியில் சின்னம் மட்டும் புதிது. நாலரை வருடத்தில் இப்படி நடந்தால் பணிக்கொடை கையை விட்டுப் போய்விடும். ஐந்து முடிந்திருந்தால் பழைய கொம்பனியிடம் உடனே எழுத்தில் கேளுங்கள். அந்த நேரத்தில் "பழைய கணக்கு ஒன்றும் இல்லை" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். கையெழுத்து வைக்காதீர்கள். புது யூனிபோம் தர அந்தத் தாள் தேவையில்லை.

தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கக் காசு இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். ஆனால் வெறுங்கையோடு போனால் "நியமனக் கடிதம் கொண்டு வாங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள். அது உங்களிடம் இல்லை, ஏனென்றால் கொம்பனி தரவேயில்லை. இல்லை என்பதையே முறைப்பாட்டில் எழுதி, சிட்டை, வங்கிப் புத்தகம், பெயர் போட்ட அடையாள அட்டை என்று கையில் இருப்பதைப் போட்டோகொப்பி எடுத்து இணையுங்கள். படையிலிருந்து கிடைத்த விலகல் பத்திரம் சிங்களத்தில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு கேட்பார்கள். அதில் உங்கள் பெயரின் எழுத்து அடையாள அட்டையோடு ஒத்துப்போகாவிட்டால் சத்தியக்கடதாசி, கிராம சேவகர் கடிதம் என்று இரண்டு கிழமை அலைச்சல். இன்னும் விலகாதவர்கள் அங்கே இருக்கும்போதே திருத்திக்கொண்டு வாருங்கள்.

வேலையால் நிற்பாட்டினது அநியாயம் என்று கேட்பதானால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். திணைக்களத்திலிருந்து கடிதம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்து எட்டாம் மாதம் வந்தவர்களை எனக்குத் தெரியும். அது வேறு கதவு, இது வேறு கதவு. ஒன்றைத் தட்டியதற்காக மற்றதில் நாள் நிற்காது.

வந்தவருக்கு முறைப்பாட்டை இரண்டு பிரதியாக எழுதிக் கொடுத்தேன். ஒன்றைத் தொழில் திணைக்களத்தில் கொடுத்து, மற்றதில் திகதியோடு சீல் வாங்கி வரச் சொன்னேன். முதல் நாள் சீல் இல்லாமல் திரும்பி வந்தார். "சேர் தேவையில்லை எண்டார்." அடுத்த நாள் காலை நானும் கூடப் போனேன். சீல் மேசை லாச்சிக்குள்தான் இருந்தது.