எரிமலையில் மலை எரிவதில்லை

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் நெருங்கும்போதே எனக்குக் கலக்கம் தொடங்கிவிடுகிறது. இந்த ஆண்டுப் பள்ளிக் கண்காட்சியில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, எரிமலை என்று செய்துவைத்த களிமண் குன்றின் வாயில் ஆரஞ்சு நிறப் படிகங்களை வெறுங்கையால் அள்ளி நிரப்பிக்கொண்டிருந்தாள். அம்மோனியம் டைகுரோமேட், அண்ணன் கல்லூரி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தானாம்.

தீக்குச்சியைக் காட்டினால் பொறி பறந்து பச்சைத் தூள் குவியும், நடுவர்களும் மகிழ்வார்கள். அந்தத் தூள் தீங்கற்றது என்று எனக்கே பாடம் எடுத்த பெற்றோர் உண்டு. ஆனால் வினைபுரியாமல் எஞ்சிய டைகுரோமேட்டும் அதனோடு கலந்தே பறக்கிறது. அதிலிருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், அந்த உலோகத்தின் நச்சு வடிவம். புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்தது. இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

நஞ்சு ஒருபுறமிருக்க, அந்தக் களிமண் எரிமலை குழந்தையின் மனத்தில் பதிக்கும் பிழை என்னை இன்னும் வாட்டுகிறது. ‘எரிமலை’ என்ற சொல்லே மலை எரிவதாகச் சொல்லிவிடுவதால், விறகைப் போல மலையும் எரிவதாகவே குழந்தைகள் எண்ணுகிறார்கள். “தீயணைப்பு வண்டி வந்தா அணைச்சிடலாமா மிஸ்?” என்று ஒருவன் கேட்டான்; அவன் கணக்கில் அது சரியான கேள்விதான். அங்கே செந்நிறமாக வழிவது ஏறத்தாழ 700 முதல் 1200 டிகிரி செல்சியஸ் வரை சூடான பாறைக் குழம்பு. கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பு தான் எரியாமலே சிவந்திருப்பதைப் போன்றது அது. எரிமலைச் சாம்பலும் அடுப்புச் சாம்பல் அன்று, பொடிந்த பாறையும் கண்ணாடித் துகளுமே. (இந்தோனேசியாவின் ஈஜென் எரிமலையில் கந்தக வாயு நீலச் சுடராக எரிவதுண்டு; அங்கும் எரிவது மலையன்று.) இவற்றையெல்லாம் ஒரு வாரம் பாடுபட்டுப் புரியவைத்தால், பொறி கக்கும் அந்தக் குன்று அரை நிமிடத்தில் அத்தனையையும் அழித்துவிடுகிறது.

நடுவர்களே, பொறிக்கு மதிப்பெண் போடாதீர்கள்; மலைக்குள் என்ன நடக்கிறது என்று குழந்தையிடம் கேளுங்கள். பெற்றோரே, ஆப்ப சோடாவும் எலுமிச்சைச் சாறும் போதும். அதிலிருந்து பொங்கும் நுரை, குழம்பை மேலே தள்ளுவதில் வாயுக்களுக்குள்ள பங்கையாவது காட்டும். ஆனால் புட்டியின் வாயை அடைக்காதீர்கள், அழுத்தத்தில் வெடிக்கும். ஆரஞ்சுப் படிகம் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதென்றால், குப்பையிலோ சாக்கடையிலோ கொட்டாமல், மூடிய புட்டியோடு அந்த ஆய்வகத்திலேயே ஒப்படையுங்கள். அதையும் குழந்தையின் பையில் போட்டு அனுப்பாமல், தயவுசெய்து நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.